கோடை வெயிலும் கோடை இடியும்: மார்ச் முதல் மே வரை தமிழ்நாட்டு வானிலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்ததும் இரண்டு கேள்விகள் கிளம்பும்: இந்த வருடம் வெயில் எப்படி, கோடை மழை உண்டா. இரண்டுக்கும் விடை காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. ஆனால் வெயிலை நாலைந்து நாள் முன்பே ஓரளவு நம்பிச் சொல்லலாம். இடிமழையை உங்கள் ஊருக்கென்று சொல்ல இரண்டு மூன்று மணி நேர அவகாசம்தான் கிடைக்கும். இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் வானிலை அறிக்கை மீதான பாதிக் கோபம் குறைந்துவிடும்.

மார்ச்சிலேயே 38 டிகிரி அடிக்கிறது. இது வழக்கத்துக்கு மாறானதா?

ஊரைப் பொறுத்தது. கரூர், ஈரோடு, சேலம், வேலூர் பக்கம் மார்ச் பிற்பாதியில் 37, 38 டிகிரி செல்சியஸ் சாதாரணம். சென்னையில் மார்ச் மாதச் சராசரி அதிகபட்சம் 33 அளவில்தான். அங்கே 37 வந்தால் அது செய்தி. ஆகவே வெறும் டிகிரியைப் பார்க்காமல், அறிக்கையில் ‘இயல்பை விட’ என்று தொடங்கும் பகுதியைப் பாருங்கள். இயல்பு என்றால் அந்த ஊரில் அந்த நாட்களுக்கான பல வருடச் சராசரி. இயல்பை விட 2 டிகிரி கூடுவது வருடாவருடம் நடப்பது. மூன்று நான்கு டிகிரி கூடி ஒரு வாரம் நிலைத்தால்தான் கவனிக்க வேண்டிய வெப்பம்.

அப்படி நிலைப்பதற்குக் காரணங்கள் உண்டு. தீபகற்பத்தின் மேல் உயர் அழுத்தம் உட்கார்ந்துகொள்ளும்போது மேலிருக்கும் காற்று கீழே இறங்கி அமுங்கிச் சூடாகும், மேகமும் உருவாகாது. வடமேற்கிலிருந்து, தெலங்கானா, ராயலசீமா வழியாக வறண்ட காற்று வந்தால் வட மாவட்டங்கள் கொதிக்கும். மார்ச்சில் ஓரிரு மழைகூட இல்லாமல் மண் காய்ந்து கிடந்தால், நீராவியாக மாறச் செலவாக வேண்டிய சூரிய வெப்பம் முழுவதும் காற்றைச் சூடாக்கவே போய்விடும். பசிபிக் கடல் வழக்கத்தை விடச் சூடாகும் எல் நினோ ஆண்டை அடுத்து வரும் கோடையும் பெரும்பாலும் கூடுதல் சூடு. 1998, 2016, 2024 மூன்றும் அப்படிப்பட்டவை.

சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாளும் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 ஒட்டி, சென்னையில் ஏப்ரல் 24, 25 ஒட்டி நண்பகலில் நிழல் காலடியில் ஒடுங்கும். ஆனால் அன்றே உச்ச வெப்பம் வராது. நிலம் சூடேற நாளாகும். அதற்கப்புறம் எவ்வளவு ஏறும் என்பதைக் காற்றும் மேகமும் தீர்மானிக்கின்றன.

41 டிகிரி வந்த பிறகும் ஏன் ‘வெப்ப அலை’ என்று அறிவிக்கவில்லை?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறை இது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 தொட வேண்டும். அதோடு இயல்பை விட 4.5 முதல் 6.4 டிகிரி வரை கூடுதலாக இருந்தால் வெப்ப அலை. 6.4-க்கும் மேல் போனால் கடும் வெப்ப அலை. இயல்பு எதுவானாலும் 45 தொட்டால் வெப்ப அலை, 47 தொட்டால் கடும் வெப்ப அலை. ஒரு வானிலை உட்பிரிவில் (துறை தன் கணக்குக்காகப் பிரித்து வைத்திருக்கும் பகுதி) குறைந்தது இரண்டு நிலையங்களில், அடுத்தடுத்த இரண்டு நாட்கள் இப்படி இருந்தால் இரண்டாம் நாள் அறிவிப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஊரின் இயல்பு 38.5 என்றால் அங்கே 43 ஆனால்தான் வெப்ப அலை, 41 போதாது. இயல்பு 36 உள்ள ஊரில் 40.5 போதும். வழக்கமாகவே கொதிக்கும் ஊர்களுக்கு இந்த வரையறை கொஞ்சம் கடுமையானது என்பதே எங்கள் எண்ணம்; வெயிலில் நிற்கும் கட்டடத் தொழிலாளியின் உடல் ‘இயல்பு’ பார்த்துச் சூடாவதில்லை. இன்னொரு பக்கம் உதகையைப் பாருங்கள். 2024 ஏப்ரல் கடைசியில் அங்கே 29 டிகிரி பதிவானது. இயல்பை விட ஐந்து டிகிரிக்கு மேல் கூடுதல். ஆனாலும் மலைக்கான 30 டிகிரி வரம்பைத் தொடாததால் வரையறைப்படி வெப்ப அலை இல்லை.

இரவையும் கவனியுங்கள். பகலில் 40 தாண்டிய நாளில் குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பை விட 4.5 டிகிரி கூடினால் அதை வெப்ப இரவு என்கிறார்கள். உடல் ஆற நேரம் கிடைக்காத இத்தகைய இரவுகள் இரண்டு மூன்று தொடர்ந்தால்தான் முதியவர்கள் மருத்துவமனைக்குப் போகும்படி ஆகிறது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு.

கரூரில் 41, சென்னையில் 36. சென்னையில் இருப்பவர்கள்தான் அதிகம் புலம்புகிறார்கள். ஏன்?

புலம்பலில் நியாயம் இருக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். 41 டிகிரியில் ஈரப்பதம் 23 சதவீதம் என்றால், வெப்பக் குறியீட்டு வாய்பாட்டின்படி உடல் உணர்வது ஏறத்தாழ 42. அதுவே 36 டிகிரியில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 48 அளவுக்குப் போய்விடும். ‘அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும்போது அசௌகரியம் ஏற்படலாம்’ என்று அறிக்கையில் அடங்கிய குரலில் ஒரு வரி வரும் பாருங்கள், அது இதைத்தான் சொல்கிறது. அந்த வரியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

செயலியில் ஈரப்பதச் சதவீதத்தை விட ‘டியூ பாயின்ட்’ என்று வரும் பனிப்புள்ளியைப் பாருங்கள். சதவீதம் காலையில் 85, மதியம் 40 என்று மாறிக்கொண்டே இருக்கும். பனிப்புள்ளி காற்றில் உண்மையில் இருக்கும் நீராவியைக் காட்டுவது. அது 18 டிகிரிக்குக் கீழே என்றால் வறண்ட வெயில். 24-க்கு மேல் புழுக்கம். 27 என்றால் நிழலில் நின்றாலும் சட்டை நனையும்.

கடற்காற்று ஒரு நாள் பதினொரு மணிக்கே வருகிறது, ஒரு நாள் வரவே இல்லை. என்ன கணக்கு?

நிலம் சூடானதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரப் பார்க்கும். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று அதைத் தடுக்கும். மேற்குக் காற்று பலவீனமாக இருந்தால் முற்பகலிலேயே கடற்காற்று நுழைந்து, சென்னையின் வெப்பம் 35, 36-இல் நின்றுவிடும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் இரண்டு, மூன்று மணி வரை உள்ளே விடாது. அதற்குள் 40 தாண்டியிருக்கும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரிதான் சென்னையின் உச்சம். உள்மாவட்டங்கள் ஏப்ரல், மே தொடக்கத்தில் உச்சம் தொட, சென்னை மட்டும் மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில் தொடுவதற்கு இந்த மேற்குக் காற்றே காரணம்.

கடற்கரையிலிருந்து 30, 40 கி.மீ. உள்ளே போனால் கடற்காற்று மாலையில்தான் எட்டும். ஒரே நாளில் மெரினாவுக்கும் திருத்தணிக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம் வருவது இதனால்தான்.

கத்திரி வெயில் தொடங்கினால்தானே உச்சம்?

அக்னி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு. பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை. வானிலைத் துறைக்கு அப்படி ஒரு காலம் கிடையாது. ஏப்ரல் கடைசியிலேயே உச்சம் வந்து, கத்திரி முழுக்க மழை பெய்த வருடங்களும் உண்டு.

வெயில் அதிகமானால் மழை வரும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. இடிமேகம் எழும்ப மூன்று வேண்டும்: கீழே ஈரக்காற்று, மேலே போகப்போகச் சட்டென்று குளிரும் வளிமண்டலம், ஈரக்காற்றை மேலே தள்ள ஓர் உந்துதல். வெயில் இதில் கடைசி இரண்டுக்குத்தான் உதவும். ஈரம் இல்லாவிட்டால் எத்தனை டிகிரி அடித்தாலும் வெறும் வெயில்தான். பனிப்புள்ளி 15, 16-இல் கிடக்கும் 42 டிகிரி நாளில் வானம் வெளிறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

வங்கக்கடலிலிருந்து தென்கிழக்குக் காற்று இரண்டு மூன்று நாள் உள்ளே நுழைந்து, உள்மாவட்டத்தில் பனிப்புள்ளி 21, 22-ஐத் தாண்டினால் நிலைமை மாறும். அந்த ஈரக்காற்றும் வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் ஒரு கோட்டில் சந்திக்கும். அறிக்கைகளில் ‘காற்றின் திசை மாறுபாடு’, ‘விதர்பாவிலிருந்து உள்தமிழகம் வரை நிலவும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்றெல்லாம் வருவது இந்தக் கோட்டைத்தான். கோடு உங்கள் மாவட்டத்தின் மேல் இருந்தால் மூன்று மணிக்கு மேல் வானத்தைப் பாருங்கள். கோடு நூறு கி.மீ. மேற்கே நகர்ந்தால் மழையும் அங்கே போய்விடும்.

கடலோரத்தில் இந்தக் கணக்கு செல்லாது. புழுக்கம் தாங்க முடியாத நாளிலும் சென்னையில் ஏப்ரல் மாதம் மழை அரிது. கடற்காற்றின் ஈரம் ஒரு கி.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் உலர்ந்த சூடான அடுக்கு ஒன்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். மேகம் அதை முட்டிக் கலைந்துவிடும். நான்கு மணிக்குப் பெரிதாகத் திரண்டு ஆறு மணிக்குக் காணாமல் போகும் மேகங்களின் கதையும் இதுதான்.

எந்தப் பகுதிகளில் கோடை மழைக்கு வாய்ப்பு அதிகம்?

மலையும் மலையடிவாரமும் முதலில். மேற்குத் தொடர்ச்சி மலையோரம், கொடைக்கானல், வால்பாறை, நீலகிரி. பிறகு சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது, சிறுமலை. மலைச்சரிவு சுற்றியுள்ள சமவெளியை விட முன்னதாகச் சூடாகிக் காற்றை மேலே இழுக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு மலைமேல் எழும்பும் மேகம் நான்கு மணிக்குச் சமவெளிக்கு இறங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மாலையில் அரபிக்கடல் ஈரம் நுழைவதால் கோவை, திருப்பூர் பக்கம் ஐந்து மணிக்கு மேலான இடிமழை உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரியில் பெய்யும் மாம்பழக் காலத்து மழை பெரும்பாலும் காற்றோடும் ஆலங்கட்டியோடும் வருவது.

மார்ச் முதல் மே வரை தமிழ்நாட்டின் சராசரி மழை ஏறத்தாழ 12 முதல் 13 செ.மீ. வடகிழக்குப் பருவமழையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மாவட்டச் சராசரியை வைத்து உங்கள் கிணற்றுக்குக் கணக்குப் போடாதீர்கள். ஒரே மேகம் ஓர் ஊரில் 6 செ.மீ. கொட்டிவிட்டு ஐந்து கி.மீ. தள்ளித் தூறல்கூடப் போடாமல் போகும்.

‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்றால் பெய்யுமா, பெய்யாதா?

அது மாவட்டத்திலோ பகுதியிலோ எத்தனை இடத்தில் என்பதைச் சொல்கிறது. நிலையங்களில் 25 சதவீதத்துக்குள் மழை பதிவாகும் என்றால் ‘ஓரிரு இடங்களில்’. 26 முதல் 50 வரை ‘சில இடங்களில்’. அதற்கு மேல் 75 வரை ‘பல இடங்களில்’, அதையும் தாண்டினால் ‘பெரும்பாலான இடங்களில்’. கோடையில் முதல் இரண்டுதான் வழக்கம். ‘ஓரிரு’ என்றால் நான்கு ஊரில் மூன்று ஊர் நனையாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நனையாத ஊர்க்காரர் அறிக்கை பொய் என்பார். நனைந்தவர் எச்சரிக்கவே இல்லை என்பார்.

அளவுச் சொற்களும் திட்டமானவை. 15.5 மி.மீ. வரை லேசான மழை, 64.4 வரை மிதமானது, 64.5 முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.4-க்கு மேல் அதி கனமழை. அளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அதனால் திங்கள் மாலை பெய்தது செவ்வாய்க்கிழமைப் பட்டியலில்தான் வரும்.

எச்சரிக்கை நிறங்களில் மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயல்படுங்கள். கோடை இடிமழைக்குப் பெரும்பாலும் மஞ்சள்தான் வரும். மின்னலுக்குப் பயந்து உஷாராக அந்த மஞ்சளே போதும்.

செயலியில் ‘60 சதவீதம் மழை’ என்று காட்டியது. ஒரு சொட்டு விழவில்லை.

கைப்பேசிச் செயலிகள் பலவும் கணினி மாதிரியின் கணிப்பை அப்படியே காட்டுபவை. அந்த மாதிரிகள் 10 கி.மீ., 25 கி.மீ. கட்டங்களாக நாட்டைப் பிரித்துக்கொள்ளும். கோடை இடிமேகத்தின் குறுக்களவே ஐந்து, பத்து கி.மீ.; ஆயுள் முக்கால் மணி நேரம். கட்டத்துக்குள் எங்கே பெய்யும் என்று மாதிரிக்குத் தெரியாது. மூன்றாம் நாள், நான்காம் நாள் இடிமழைக்குச் செயலி காட்டும் மணிக்கணக்கை நம்பிப் பந்தல் போடுவதும் விடுவதும் வீண். ‘இந்த வாரம் பிற்பகல்களில் வாய்ப்பு உண்டு’ என்பது வரைதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

மூன்று கட்டமாகப் பாருங்கள். பருவத்துக்கு: பிப்ரவரி இறுதியில் வரும் வானிலைத் துறையின் மார்ச்–மே கண்ணோட்டம். அது இயல்பை விடக் கூடுமா குறையுமா என்பதை மட்டும் சொல்லும், தேதி சொல்லாது. வாரத்துக்கு: சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கை. அன்றைக்கு: காலையில் பனிப்புள்ளி, மதியத்துக்கு மேல் செயற்கைக்கோள் படமும் ரேடாரும், மூன்று மணி நேர உடனடி முன்னறிவிப்பும்.

ரேடார் படத்தைப் படிப்பது கடினமில்லை. முதலில் நேரம்: படத்தின் மேல் இருப்பது பெரும்பாலும் உலக நேரம் (யுடிசி). அதோடு ஐந்தரை மணி கூட்டுங்கள். இதைக் கவனிக்காமல் ஐந்து மணி நேரப் பழைய படம் என்று ஒதுக்குபவர்கள் ஏராளம். அடுத்து நிறம். அது மழையில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையின் வலுவை டிபிஇசட் என்ற அலகில் காட்டுவது: 40 டிபிஇசட் தாண்டினால் நல்ல மழை, 50 தாண்டினால் வலுவான இடிமேகம், 55-க்கு மேல் ஆலங்கட்டிக்கும் வாய்ப்பு. பிறகு நகர்வு. பத்து இருபது நிமிட இடைவெளியில் உள்ள இரண்டு படங்களை ஒப்பிடுங்கள். இருபது நிமிடத்தில் 10 கி.மீ. நகர்ந்திருந்தால் மணிக்கு 30 கி.மீ. வேகம். உங்களிடமிருந்து 45 கி.மீ. தூரத்தில் இருந்தால் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

இங்கே தவறும் இடம் ஒன்று உண்டு. ஒன்றரை மணி நேரம் எந்தத் தனி மேகமும் உயிரோடு இருக்காது. நகர்ந்து வருவதாகத் தெரிவது உண்மையில் பழைய மேகம் சாய்ந்து, அதிலிருந்து விழுந்த குளிர்காற்று முன்னே ஓடி, புது மேகத்தைக் கிளப்புவதுதான். ரேடாரில் மழைக்கு முன்னால் மெல்லிய வில்போல ஒரு கோடு ஓடினால் அது அந்தக் குளிர்காற்றின் முனை. அந்தக் கோடு இன்னொரு கோட்டையோ கடற்காற்றின் முனையையோ முட்டும் இடத்தில் பதினைந்து இருபது நிமிடத்தில் புது மேகம் எழும்பும். அந்தச் சந்திப்பு உங்கள் தலைக்கு மேல் என்றால் ‘மழை வேறு பக்கம் போகிறது’ என்று துணி காயப் போடாதீர்கள்.

சென்னை, காரைக்கால் ரேடார்கள் வடக்கு, கிழக்கு மாவட்டங்களுக்கு நன்றாக உதவும். 200 கி.மீ. தொலைவில் ரேடார் கற்றை ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்தில் போய்விடும், கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. கோவை, ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் செயற்கைக்கோள் படத்தையும் தாமினி செயலியையும் நம்புவது மேல். புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய இந்தச் செயலி, நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டத்தில் மின்னல் விழுந்தால் காட்டும். மாநில அரசின் டிஎன்-அலர்ட் செயலியிலும் எச்சரிக்கை வரும்.

மழைக்கு முன்னால் சூறைக்காற்று ஏன்?

வறண்ட காற்றின் ஊடே விழும் மழைத்துளி பாதி வழியில் ஆவியாகும். அதனால் சட்டெனக் குளிர்ந்த காற்று கனத்து, தரையில் மோதி எல்லாப் பக்கமும் பாயும். கீழே காற்று எவ்வளவு உலர்ந்ததோ அந்த அளவுக்கு இந்தப் பாய்ச்சல் வலுக்கும். ஆகவே முதல் கோடை இடியில்தான் பெரும்பாலும் மழை குறைவு, காற்று அதிகம். மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடம் அடித்தால் தார் தள்ளிய வாழை தாங்காது. தகரக் கூரை, விளம்பரப் பலகை, பந்தல், பட்டுப்போன மரக்கிளை என்று எல்லாம் பறக்கும் நேரமும் அதுதான். வெக்கைக்கு நடுவே திடீரென்று ஜில்லென்ற காற்றும் மண்வாசனையும் வந்தால் உங்களுக்கு ஐந்து பத்து நிமிடம் இருக்கிறது.

விவசாய வேலைகளை எப்படித் திட்டமிடுவது?

இடிமழை வாய்ப்புள்ள வாரத்தில் மருந்தடிப்பை விடியற்காலைக்கு வையுங்கள். அடித்து மூன்று நான்கு மணி நேரத்துக்குள் மழை வந்தால் கழுவிப் போய்விடும். யூரியா மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள். வாழைக்கு, தார் சாயும் பக்கத்தில் சவுக்குக் கம்போ குறுக்காகக் கட்டிய இரு மூங்கிலோ முட்டுக் கொடுங்கள். அடியில் மண் அணையுங்கள். காற்று எச்சரிக்கை உள்ள அன்று நிறையத் தண்ணீர் பாய்ச்சினால் மண் இளகி, மரம் வேரோடு சாயும். இதைப் பலரும் யோசிப்பதில்லை.

ஈரோட்டுப் பக்கம் வேகவைத்த மஞ்சள் களத்தில் காய 10 முதல் 15 நாள் பிடிக்கும். அத்தனை நாள் மழையில்லாமல் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆகவே தார்ப்பாய் களத்திலேயே இருக்கட்டும். தினமும் நான்கு மணிக்குக் குவித்து மூடிவிடுங்கள். நனைந்த மஞ்சள் நிறம் மங்கும், பூஞ்சை பிடிக்கும். ராமநாதபுரம், தூத்துக்குடி மிளகாய்க் களத்துக்கும் இதே வழி. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் ஒரு நல்ல மழை பாத்தியில் விளைந்த உப்பைக் கரைப்பதோடு நிற்காது. உப்புநீரின் அடர்த்தியைக் குறைத்து, உற்பத்தியை வாரக்கணக்கில் பின்னுக்குத் தள்ளிவிடும். வாரிய உப்பை அன்றே மேட்டில் குவித்து மூடுவதுதான் வழி.

நன்மையும் உண்டு. 25 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். மண் பதமானதும் சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு போட்டுவிடுங்கள். அடுத்த மழை நிலத்துக்குள் இறங்கும். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது சும்மா வந்த சொல் அல்ல.

இடி தூரத்தில்தான் கேட்கிறது. வேலையை நிறுத்த வேண்டுமா?

இடி காதில் விழுந்தாலே நீங்கள் மின்னலின் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான வினாடிகளை மூன்றால் வகுத்தால் தூரம் கி.மீ. கணக்கில் கிடைக்கும். 30 வினாடி என்றால் 10 கி.மீ.; அதற்குள் என்றால் உடனே உள்ளே போங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். மழை விட்டதும் மாட்டை அவிழ்க்கப் போகும் நேரத்திலும் மின்னல் விழும்.

சுவரும் கூரையும் உள்ள கட்டடம், கண்ணாடி ஏற்றிய கார், பேருந்து ஆகியவை பாதுகாப்பு. நாற்புறமும் திறந்த மண்டபம், வயல் கொட்டகை, பேருந்து நிழற்குடை, இருசக்கர வண்டி, கூரையில்லாத டிராக்டர் எதுவும் பாதுகாப்பல்ல. மரத்தடி எல்லாவற்றிலும் மோசம். தனித்து நிற்கும் பனை, தென்னை குறிப்பாக. மரத்தில் விழும் மின்னல் பக்கவாட்டில் ஆளின் மேல் தாவும், வேர் வழியாகத் தரையிலும் பரவும். தரையில் பரவும் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குவதால்தான், முன்கால் பின்கால் தூரம் அதிகமுள்ள மாடுகள் ஒரே மரத்தடியில் கூட்டமாகச் சாகின்றன.

வயல் நடுவே மாட்டிக்கொண்டால் மண்வெட்டி, கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, தண்ணீரிலிருந்து வெளியேறி, ஒருவரையொருவர் விலகி நகருங்கள். படுக்காதீர்கள். போக வழியே இல்லையென்றால் மட்டும் இரு கால்களையும் சேர்த்துக் குந்துங்கள். இது ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. வீட்டில் இடி நேரத்தில் குளிக்க வேண்டாம், கம்பித் தொலைபேசி வேண்டாம், மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டாம். டிவி, மோடம் பிளக்கை இடி வருமுன்பே பிடுங்குங்கள்; தலைக்கு மேல் இடிக்கும்போது போய்ப் பிடுங்குவது தவறு.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் அடிக்குமா?

அடிக்காது. உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, ஒருவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். பலர் தாக்கப்பட்டிருந்தால், முனகுபவரை விட அசைவற்றுக் கிடப்பவரை முதலில் பாருங்கள். சரியான நேரத்தில் அழுத்தினால் பிழைக்க வாய்ப்புண்டு.

வெயிலில் வேலை செய்தே ஆக வேண்டியவர்கள் என்ன செய்வது?

பருவத்தின் முதல் வெப்பமே அதிக ஆபத்து. உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டுவது நல்ல வழக்கம். 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். தாகம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அதே சமயம் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலும் வேண்டாம். வெறும் தண்ணீரோடு நிற்காமல் உப்புப் போட்ட மோர், கம்பங்கூழ், கேப்பைக்கூழ் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் கொட்டக் கூடாது. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் உப்பு, தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 12 முதல் 3 வரை நிழல் வேலையாக மாற்றுங்கள்.

தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் என்றால் நிழலில் படுக்க வைத்துத் திரவம் கொடுங்கள். பேச்சு குழறி, ஆள் குழம்பி, உடல் கொதித்தால் அது வெப்பவாதம். வியர்வை இருந்தாலும் வெப்பவாதமாக இருக்கலாம். வண்டி வரும் வரை காத்திருக்காமல் உடனே உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. அது காய்ச்சலுக்கான மருந்து.

வங்கக்கடலில் புயல் உருவானால் வெயில் குறையுமா?

புயல் நம் கரையை நோக்கி வந்தால் குறையும். விலகிப் போனால் நிலைமை நேர்மாறு. புயல் வடக்கே நகரும்போது நிலத்தின் வறண்ட மேற்குக் காற்றைத் தன் பக்கம் இழுக்கும். கடற்காற்று நின்று, கடலோரத்திலும் 40 தாண்டும். 2019 ஏப்ரல் கடைசியில் உருவான ஃபானி தமிழ்நாட்டுக்கு மழை தரும் என்று காத்திருந்தோம். அது வளைந்து போய் மே 3 அன்று ஒடிசாவின் பூரி அருகே கரை கடந்தது. ஆகவே மே மாதப் புயல் செய்தியில் பெயரை விடப் பாதையைப் பாருங்கள்.

மே கடைசியில் நாலு நாள் தொடர்ந்து மழை பெய்தால் பருவமழை வந்துவிட்டதா?

இல்லை. தென்மேற்குப் பருவமழையின் தொடக்கம் கேரளத்தை வைத்துத்தான் அறிவிக்கப்படுகிறது. இயல்பான தேதி ஜூன் 1. அது தொடங்கிய பிறகு கன்னியாகுமரி, நீலகிரி, வால்பாறை, தென்காசிப் பக்கம் சாரல் பிடிக்கும். மலைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு மேற்குக் காற்று வலுக்கும், தூசி பறக்கும், வெயில் தொடரும். ஜூன் முதல் பாதியிலும் சென்னையில் 40 தாண்டும் நாட்கள் வரும். அங்கே மாலை இடிமழை அடிக்கடி எட்டிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். உள்நாட்டில் எழும்பும் மேகங்களை அதே மேற்குக் காற்று கடல் பக்கம் தள்ளிக்கொண்டு வருவதால், அப்போது ரேடாரில் திருவண்ணாமலை, வேலூர் திசையைப் பாருங்கள்.